இணைப்பும் பிணக்கும்

மனிதன் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டுப் படைத்த கருவிகள் பல. அவற்றுள் கணினி சிறப்பிடம் பெற்றது. ஆயினும், தனித்து நிற்கும் கணினியால் விளையும் பயன் சிறிதே. எழுத்தை உட்செலுத்த விசைப்பலகை வேண்டும். எழுதியதைத் தாளிற் பதிக்க அச்சுப்பொறி வேண்டும். அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லப் பென் டிரைவ் வேண்டும். இவற்றைக் கணினியோடு பிணைப்பது யு.எஸ்.பி. என்னும் இணைப்பாகும். பழைய கணினிகளில் இவ்விணைப்புச் சிலபோது பிணங்குவதுண்டு. அப்பிணக்கின் காரணத்தை ஆராய்ந்து தீர்க்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் தமிழ்நாடெங்கும் மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. அன்று தமக்கை பெற்ற கணினி, இன்று தம்பியின் கைக்கு வந்திருத்தல் இயல்பே. அது பென் டிரைவை அறியவில்லை என்றதும், 'பழுதாயிற்று' என்று மூலையில் ஒதுக்கிவிடுவோர் பலர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்க நாளை இறுதி நாள். விண்ணப்பமோ பென் டிரைவில் உள்ளது. அதனைக் கணினி காணவில்லை. இந்நிலையில் ஓர் இளைஞன் செய்யும் முதற்செயல் அவன் வாய்ப்பைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

முற்காலக் கணினிகளில் ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு வடிவான இணைப்பு இருந்தது. விசைப்பலகைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று எனப் பின்புறம் முழுவதும் துளைகளாய் நிறைந்திருக்கும். புதிய கருவி ஒன்றைப் பொருத்தினால் கணினியை அணைத்து மீண்டும் தொடங்குதலும் வேண்டும். இவ்விடரைக் களைய இன்டெல் முதலிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடி உழைத்தன. அம்முயற்சியில் முன்னின்றவர் அஜய் பட் என்னும் இந்தியப் பொறியாளர். அவர் வதோதராவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1996 ஆம் ஆண்டு சனவரியில் யு.எஸ்.பி. 1.0 என்னும் முதல் வரையறை வெளிவந்தது. பின்னர் 2000 ஆம் ஆண்டில் 2.0 பதிப்பும், 2008 ஆம் ஆண்டில் 3.0 பதிப்பும் தோன்றின.

இவ்விணைப்பு எவ்வாறு நிகழ்கின்றது? யு.எஸ்.பி. 2.0 வடத்தினுள் நான்கு கம்பிகள் உள்ளன. சிவப்பும் கறுப்பும் மின்னாற்றலைக் கொண்டு செல்வன. வெள்ளையும் பச்சையும் செய்தியைக் கொண்டு செல்வன. செருகியில் மின்னாற்றலுக்குரிய தகடுகள் இரண்டும் சற்றே நீண்டிருக்கும். ஆதலின், செருகியவுடன் கருவிக்கு முதலில் 5 வோல்ட் மின்சாரம் கிட்டும். அதன் பின்னரே செய்திக் கம்பிகள் தொடும். கருவி ஒரு செய்திக் கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையை அறிவிக்கும். கணினி அதற்கு ஓர் எண்ணை முகவரியாக அளித்து, 'நீ யார்? எந்த நிறுவனத்தின் ஆக்கம்? உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?' என்று வினவும். விடை பெற்றபின், அக்கருவியை நடத்துதற்குரிய இயக்கி என்னும் மென்பொருளைத் தேடிச் சேர்க்கும்.

மாணவர்களே! நீங்கள் இலக்கணத்தில் புணர்ச்சி பயின்றிருப்பீர்கள். 'மரம்' என்னும் நிலைமொழியோடு 'ஐ' என்னும் உருபு சேருங்கால், இடையே 'அத்து' என்னும் சாரியை தோன்றி 'மரத்தை' என ஆகின்றது. கணினியை நிலைமொழி எனவும், கருவியை வருமொழி எனவும் கொள்ளுங்கள். இடைநின்று இரண்டையும் பொருத்தும் இயக்கியே சாரியை. இம்மூன்றனுள் எதில் குறை நேரினும் புணர்ச்சி நிகழாது. எனவே, குறை எங்குள்ளது என்று காண்பதே முதற்கடமை.

அதற்கு எளிய சோதனைகள் இரண்டு உள. பென் டிரைவை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் இயங்கவில்லையெனில், குறை பென் டிரைவில் இருத்தல் கூடும். நன்கு இயங்கும் வேறொரு கருவியை உங்கள் கணினியின் அதே துளையில் செருகிப் பாருங்கள். அதுவும் இயங்கவில்லையெனில், குறை கணினியின்பாற்பட்டது. இவ்விரண்டையும் செய்யாமல் கணினியையே பிரிப்பது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

அடுத்து நோக்கத்தக்கது வடம். கைப்பேசிக்கு மின்னேற்றுதற்கென்றே செய்யப்படும் சில வடங்களில் செய்திக் கம்பிகள் இரா. அவற்றால் மின்சாரம் செல்லும்; படங்கள் செல்லா. கைப்பேசியில் மின்னேற்றம் காட்டியும் கணினி அதனை அறியவில்லையெனில், வடத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். யு.எஸ்.பி. 2.0 வடத்தின் நீளம் 5 மீட்டருக்கு மேற்படலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, துளையின் தூய்மை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகள் பல உள்ளன. பழவேற்காட்டுப் பக்கத்தில் உப்புக்காற்று வீசும். தூசி தகடுகளின்மேற் படிந்து தொடுதலைத் தடுக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். கணினியை முற்றும் அணைத்து, மின்வடத்தையும் கழற்றிய பின்னரே, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துளையைத் துடைத்தல் வேண்டும். ஊக்கு, ஊசி முதலிய உலோகப் பொருள்களை உள்ளே செலுத்துதல் தவறு. தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று தொட்டுவிடும். வாயால் ஊதுதலும் வேண்டா. மூச்சின் ஈரம் உள்ளே படியும். மேசைக் கணினியாயின், முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளையில் செருகிப் பார்க்கலாம். முன்புறத் துளைகள் உள்ளிருக்கும் சிறு வடத்தால் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டவை. அவ்வடம் தளர்தல் உண்டு. பின்புறத் துளைகளோ தாய்ப்பலகையிலேயே அமைந்தவை.

நான்காவது, மின்னாற்றல். யு.எஸ்.பி. 2.0 துளை ஒரு கருவிக்குத் தரத்தக்க மின்னோட்டம் 500 மில்லியாம்பியர், 3.0 துளை தருவது 900 மில்லியாம்பியர். புறவன்தட்டு போன்ற கருவிகளுக்குப் பழைய துளையின் மின்சாரம் போதாதாயின், அவை சிற்றொலி எழுப்பி ஓய்ந்துவிடும். ஒரே துளையில் கிளைப்பெட்டி ஒன்றைச் செருகி, நான்கு கருவிகளை மாட்டினாலும் இந்நிலையே நேரும். ஒரு கிணற்று நீரை நான்கு வயல்களுக்குப் பாய்ச்சினால், கடைசி வயல் காய்வது இயல்பன்றோ? ஆதலின், தனி மின்னிணைப்புள்ள கிளைப்பெட்டியைப் பயன்படுத்துதல் நன்று.

ஐந்தாவது, இயக்கி. சிலபோது யாதொரு குறையுமின்றியே கணினியின் கணக்குத் தடுமாறுவதுண்டு. கணினியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து மீண்டும் தொடங்கினால், அத்தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கும். நீங்காதாயின், விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்து காண்க. மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறி தோன்றும் கருவிக்கு இயக்கி பொருந்தவில்லை என்பது பொருள். அப்பதிவை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்கினால், இயக்கி புதிதாய்ச் சேரும். விண்டோஸ் 98 இல் பென் டிரைவுக்கே தனி இயக்கி நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் 7 இல் 3.0 துளைக்குரிய இயக்கி உடன் அமையவில்லை. விண்டோஸ் 8 இலேதான் அமைந்தது. எனவே, பழைய இயங்குதளமுள்ள கணினியில் நீலநிறத் துளை மட்டும் இயங்கவில்லையெனில், அதன் காரணம் இதுவாகலாம்.

இத்தகைய இடர் வல்லுநர்க்கும் நேர்ந்ததுண்டு. 1998 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் சிகாகோ நகரில் விண்டோஸ் 98 இன் சிறப்பை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. பில் கேட்ஸ் மேடையில் நிற்க, உடனிருந்தவர் ஒரு ஸ்கேனரை யு.எஸ்.பி. வழியே கணினியோடு இணைத்தார். உடனே திரை முழுவதும் நீலநிறமாகிப் பிழைச்செய்தி தோன்றியது, அவையோர் ஆரவாரித்தனர். இதனாலேதான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை என்று கேட்ஸ் நகைத்தவாறே கூறினார். ஆதலின், கருவி பிணங்கும்போது நாணவும் வேண்டா. சினங்கொண்டு அடிக்கவும் வேண்டா.

இறுதியாக, எல்லாவற்றினும் தலையாய எச்சரிக்கை ஒன்று உளது. பென் டிரைவைச் செருகியவுடன், 'இதனைப் பார்மட் செய்ய வேண்டும்' என்று கணினி கேட்குமாயின், உடன்பட்டுவிடாதீர்கள். உடன்பட்டால், உள்ளே உள்ள விண்ணப்பமும் சான்றிதழ்ப் படிகளும் அழியும். கணினி அவ்வாறு கேட்பதற்குக் கோப்பமைப்பை அது அறியாமையும் காரணமாகலாம். எக்ஸ்பேட் என்னும் கோப்பமைப்பை, விண்டோஸ் எக்ஸ்.பி. தனிப் புதுப்பிப்பு இன்றிப் படிக்கமாட்டாது. பிற்காலக் கணினியோ எளிதிற் படித்துவிடும். ஆதலின், மறுத்துவிட்டுப் பென் டிரைவை வேறு கணினியில் செருகி, வேண்டிய கோப்புகளை முதலில் படியெடுத்துக்கொள்க. பின்னரே பிறவற்றைச் செய்க. நாம் முன்பு கூறிய இளைஞன் இவ்வொன்றை அறிந்திருந்தால், அண்டை வீட்டுக் கணினியிலேனும் தன் விண்ணப்பத்தை மீட்டுக் குறித்த நாளில் அனுப்பிவிடுவான்.

கருவியைக் கழற்றும்போதும் ஒரு முறையுண்டு. கணினி எழுத வேண்டியதைச் சிறிது நேரம் தன் நினைவகத்தில் வைத்திருந்து, பின்னரே பென் டிரைவில் எழுதி முடித்தலும் உண்டு. இடையில் பிடுங்கினால், எழுத்து அரைகுறையாய் நின்று கோப்புச் சிதையும். ஆகவே, பாதுகாப்பாக நீக்குக என்னும் கட்டளையைத் தந்து, கணினி இசைவு தெரிவித்தபின் எடுத்தல் வேண்டும்.

பழையது என்னும் காரணத்தால் ஒரு பொருளை எறிந்துவிடுதல் எளிது. அதன் குறையை அறிந்து திருத்துதலே அறிவுடைமை. வடம், துளை, மின்னாற்றல், இயக்கி, கோப்பமைப்பு என வரிசையாக ஆராய்பவன், செலவின்றியே பெரும்பாலான குறைகளைத் தீர்ப்பான். அவ்வரிசையைக் கற்றவனுக்கு நாளை தொழிற்சாலையில் எப்பெரும் பொறி நின்றாலும், அதன் காரணத்தைத் தேடும் வழி புலப்படும்.