35 பேரும் 7.5 லட்சம் சாப்பாடும்

1963இல் சீசில் வில்லியம்ஸ் போதகராக வந்து சேர்ந்தபோது, சான் பிரான்சிஸ்கோ நகரின் கிளைட் நினைவு மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் சுமார் 35 பேர். பெரும்பாலோர் நடுத்தர வர்க்க வெள்ளையர். கட்டடத்துக்கு வயது 32 ஆண்டுகள்தான். லிசி கிளைட் என்ற செல்வந்தர், மறைந்த கணவர் நினைவாக 1929இல் நிலம் வாங்கினார். 1931இல் ஆலயம் எழுந்தது. அதை நடத்த அறக்கட்டளை நிதியும் இருந்தது. பணம் இருந்தது, ஜனம் இல்லை.

ஜனம் வெளியே இருந்தது. ஆலயம் நிற்கும் டெண்டர்லாயின், வாடகை குறைந்த ஒற்றை அறைகளும் வீடற்றோரும் நிறைந்த பகுதி. போதைக்கு அடிமையானோர், பாலியல் தொழிலாளர், குடும்பம் ஒதுக்கிவைத்த தன்பாலின ஈர்ப்பினர் ஆகியோரை வில்லியம்ஸ் உள்ளே அழைத்தார். 1967இல் பீடத்திலிருந்த சிலுவையையே இறக்கினார். அது சாவின் சின்னம், சிலுவையை வாழ்க்கையில் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். பின்னாளில் உறுப்பினர் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியது. 35உடன் ஒப்பிட்டால் 285 மடங்குக்கும் மேல்.

தாய்ச்சபையின் கணக்கு எதிர்த்திசையில் போனது. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபைக்கு அமெரிக்காவில் 1968இல் சுமார் 1.1 கோடி உறுப்பினர்கள். 2020இல் சுமார் 63 லட்சம். 52 ஆண்டுகளில் 43 சதவீதச் சரிவு. ஒரே ஆலயத்தை ஒரு நாட்டுச் சபையோடு நிறுத்துப் பார்ப்பதில் எச்சரிக்கை தேவை. கிளைட்டுக்குக் கிடைத்த அறக்கட்டளை நிதி எல்லாச் சபைகளுக்கும் வாய்க்காது. ஆனாலும் திசை வேறுபாடு தெளிவு.

என் பார்வையில், முதலில் படிக்க வேண்டிய எண் உறுப்பினர் பதிவேட்டில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் கிளைட் இலவசமாக வழங்கிய உணவு ஆண்டுக்குச் சுமார் 7.5 லட்சம் வேளை. 365 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 2,055. மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 685 பேர். 1963இன் ஞாயிறு ஆராதனைக்கு வந்தோரைப் போல ஏறக்குறைய 20 மடங்கினர், ஒவ்வொரு வேளையும், ஞாயிறு மட்டுமல்ல வாரம் முழுதும், அதே வாசலில் நுழைந்தார்கள்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதிக்குத் துல்லியமான கணக்கு உண்டு. கிளைட்டில் தொண்டாற்றிய சூசன் பஃபெட் மூலம் அவர் கணவர், முதலீட்டாளர் வாரன் பஃபெட், இந்த ஆலயத்தை அறிந்தார். தம்மோடு ஒரு வேளை மதிய உணவு உண்ணும் வாய்ப்பை ஏலம் விட்டு, தொகையைக் கிளைட்டுக்குக் கொடுத்தார். 2000இல் கிடைத்தது சுமார் 25,000 டாலர். 2022இல் 1,90,00,100 டாலர். இந்தக் காலத்தில் நடந்த 21 ஏலங்களின் மொத்தம் சுமார் 5.32 கோடி டாலர், ஏலத்துக்குச் சராசரி சுமார் 25.3 லட்சம் டாலர். அதை 7.5 லட்சம் வேளைக்கு வகுத்தால் வேளைக்கு ஏறத்தாழ 3.40 டாலர். தொகை முழுதும் உணவுக்கே போகவில்லை. அளவை உணர்த்தவே இந்த வகுத்தல்.

சராசரி ஏமாற்றக்கூடியது. 2012இல் 34,56,789 டாலர். மறு ஆண்டு 10,00,100 டாலர், 71 சதவீத வீழ்ச்சி. 2020, 2021இல் ஏலமே இல்லை. மொத்தத்தில் 36 சதவீதம் 2022 என்ற ஒரே ஆண்டில் வந்தது. பசி அப்படி ஏறி இறங்குவதில்லை. சேவையால் சபையை உயிர்ப்பிக்க நினைப்போர் காணிக்கைக் கணக்கோடு இந்த ஏற்ற இறக்கத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

10,000 என்ற எண்ணுக்கும் எதிர்வாதம் எழுந்தது. ஞாயிறு கூடுகைகளில் கிறிஸ்தவ ஆராதனையின் அடிப்படைகள் குறைவு என்று 2018இல் மெதடிஸ்ட் பேராயர் குறை கூறினார்; சொத்துரிமை வழக்கும் தொடர்ந்தது. 2020இல் உடன்பாடு ஏற்பட்டு, கிளைட் மெதடிஸ்ட் சபையிலிருந்து பிரிந்தது. பேராயரின் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது: வந்தவர்களில் யார் எந்த நம்பிக்கையோடு வந்தார் என்பதை அந்த எண் சொல்வதில்லை. பசித்தவருக்குச் சோறு போட்டதும் ஆராதனையே என்பது என் நிலைப்பாடு. எண்களால் அதை நிறுவ முடியாது.

நகரத்தின் கணக்கு இன்னும் கடினமானது. சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இரவில் எண்ணப்பட்ட வீடற்றோர் 2019இல் 8,035 பேர், 2022இல் 7,754 பேர், 2024இல் 8,323 பேர். 2022க்கும் 2024க்கும் இடையே 7.3 சதவீத உயர்வு. வீடற்று வாழ்ந்தவர்களுக்காகக் கிளைட் எழுப்பி வில்லியம்ஸ் பெயரைச் சூட்டிய அடுக்ககத்தில் வீடுகள் 52. 2024 எண்ணிக்கையில் அது 0.6 சதவீதம். அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று 94ஆம் வயதில் வில்லியம்ஸ் மறைந்தார். சமையலறை தொடர்ந்து இயங்குகிறது.