நாள் குறித்த சங்கல்பம்

“நாளை முதல் சிகரெட்டைத் தொடேன்” என்று இருபது வருஷ காலமாகச் சபதம் செய்து வந்தவன் நான். அந்த நாளை மட்டும் வந்தபாடில்லை. 1950-ம் ஆண்டிலேயே ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். இதை நான் அறியாதவனல்லன். அறிவு வேறு, உறுதி வேறு!

வகுப்பில் தேகாரோக்கியத்தைப் பற்றிப் பாடம் சொல்லிவிட்டு, மாலையில் தெருக்கோடிச் சந்தில் மறைந்து நின்று புகைப்பேன். ஒரு நாள் அதே சந்தில் என் மாணாக்கன் ஒருவன் கையில் சிகரெட்டுடன் நின்றான். அவனைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை.

அன்றிரவே நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து, மனைவி மக்களிடம் அறிவித்தேன். இரகசியச் சபதத்தை மீறுவது எளிது. வீட்டார் அறிந்ததை மீறுவது எளிதோ?

நிகோடின் வேட்கை முதல் மூன்று நாட்களில் உக்கிரமாயிருக்கும். சில வாரங்களில் தணியும். ஒவ்வொரு முறையும் அது சில நிமிஷங்களே நீடிக்கும். அந்நிமிஷங்களை ஜலம் பருகியும் உலாவியும் கழித்தேன். ‘ஆயுள் முழுதும்’ என்று எண்ணி மலைக்கவில்லை. ‘இன்று மட்டும்’ என்றே எண்ணினேன். ஓராண்டு கழிந்தால், புகையினால் நேரும் இருதய நோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது வைத்தியர் வாக்கு.

எனக்குப் பதினொரு மாதங்கள் ஆகிவிட்டன. சென்ற வாரம் அம்மாணாக்கனை அழைத்து, மறைக்காமல் யாவற்றையும் சொன்னேன். அவன் சற்றுநேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்:

“நான் எந்தத் தேதியைக் குறிக்கட்டும், ஸார்?”