செயலி பிறக்கும் முன்பே அதற்குச் சோதனை எழுதுவது ஏன்?

புது ஜாக்கெட் தைக்கும்போது தையல்காரரிடம் அளவு ஜாக்கெட்டையும் கொடுப்பீர்கள், இல்லையா? துணியை வெட்டும் முன்பே, "இப்படி இருந்தால் சரி" என்று இருவரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. மென்பொருளுக்கான ஏற்புச் சோதனையும் அப்படித்தான்.

கொல்லிமலை அரியூர் நாட்டு மிளகு விவசாயிகளுக்கு ஒரு கணக்குச் செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். "தொகையைச் சரியாகக் காட்ட வேண்டும்" என்றால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். "சாக்கோடு 50 கிலோ, சாக்கு 1 கிலோ, கிலோ 600 ரூபாய் என்றால் 29,400 ரூபாய் காட்ட வேண்டும்" என்று விவசாயியே சொன்னால்? குழப்பத்துக்கு இடமில்லை.

இந்த உதாரணமே ஏற்புச் சோதனை; இதைக் கணினி தானே ஓட்டிப்பார்க்கும். செயலி இன்னும் இல்லாததால் முதலில் சிவப்பு, அதாவது தோல்வி. அது பச்சையாகும்வரை, அதாவது தேறும்வரை, நிரல் எழுதுகிறார்கள்.

அடுத்த வாரம் முன்பணக் கழிவைச் சேர்க்கும்போது பழைய உதாரணங்களும் மறுபடி ஓடும். புதியது பழையதைக் கெடுத்தால் அப்போதே தெரிந்துவிடும். சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போகும் அஜைல் முறைக்குத் தைரியம் தருவது இதுதான்.

இப்படி உதாரணங்களை ஓட்டக் கருவிகள் உண்டு. நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் 2002-ல் உருவாக்கிய ‘ஃபிட்’, அட்டவணையில் எழுதிய உதாரணங்களை ஓட்டியது. 2008-ல் வந்த ‘குக்கும்பர்’ சாதாரண வாக்கியங்களையே ஏற்கிறது. அதில் தமிழிலும் எழுதலாம், தெரியுமா? ‘காட்சி’, ‘எப்போது’, ‘அப்பொழுது’ எல்லாம் அதற்குப் புரியும்.

ஆனால் கேட்காததை ஏற்புச் சோதனை சொல்லாது. சிக்னல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று யாரும் உதாரணம் தராவிட்டால், எல்லாம் பச்சையாகவே இருக்கும். எனவே செயலி செய்யச் சொல்லும்போது, எடைபோடுபவரையும் உட்காரவைத்து அவர் வாயாலேயே உதாரணங்களை வாங்குங்கள்.