மருந்தாளரும் மன்னாரின் சுரக்காவலும்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அம்மருந்தை உடனிருந்து அளிப்போனையும் ஒரு கூறாக வைத்தார். அந்நான்காம் கூற்றின் கடமை இக்காலத்தில் மருந்தாளரையும் சார்ந்துள்ளது. அதன் அருமையை மன்னாரிற் காணலாம்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுவது அதன் இயல்பு. எனவே, அயல்நாடு சென்று நோயோடு மீளும் ஒருவராலேயே மலேரியா இங்கு மீண்டும் பரவுதல் கூடும்.

சுரங்கண்டோர் பலர் முதலில் நாடுவது மருந்துக்கடையையே. அண்மையில் வெளிநாடு சென்றதுண்டோ என வினவி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் மருந்தாளர் ஒருவரையன்றி ஊரையே காக்கின்றார். டெங்கு என ஐயுறுமிடத்து, குருதிப்பெருக்கை மிகுவிக்கும் அஸ்பிரினை விலக்குதலும் அவர் கடனே. மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் பிறிமாகுயின், ஜி6பிடி என்னும் நொதி குறைந்தோரின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கவல்லது. நன்மருந்தும் ஆளறியாது கொடுப்பின் தீங்காகும் என்பதற்கு இஃதொரு சான்று. ஆதலின், மருந்துச்சீட்டில் ஐயம் எழுமிடத்து மருந்தாளர் வைத்தியரை வினவித் தெளிதல் அவரைக் குறைகூறுதலன்று. நோயாளரைக் காக்கும் பொறுப்பில் இருவரும் பங்குகொள்ளும் முறையாகும்.