வேலூருக்கு வடக்கே ஒரு வான்கோடு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு புள்ளியும் பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்தில் ஒரு புள்ளியும் வைத்துத் தேசப் படத்தில் நேர்கோடு இழுத்தால், ஏறத்தாழ 268 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடு வேலூருக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வடக்கே செல்வதைக் காணலாம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்று கொள்ளும் விமானிகளின் கணக்கில் அது சுமார் 145 மைல்.

இத்தனை தூரத்தை ஆகாயத்தில் கடக்க முக்கால் மணிக்கும் குறைவாகவே பிடிக்கிறது. ஆயினும் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று போடுவதன் காரணம், விமானம் தன் இடத்தை விட்டு நகர்ந்து, ஓடுபாதை வரை ஊர்ந்து, முறை வரும்வரை நின்று, மேலேறிய சற்றைக்கெல்லாம் இறங்கத் தொடங்கி, மறு ஊரில் தன் இடத்தில் வந்து நிற்பது வரை எல்லாம் பிரயாணக் காலத்தில் சேர்த்தி என்பதே. நெடும் பிரயாணத்திலோ, இந்தச் செலவெல்லாம் பெரிய தொகையில் சில்லறையாகக் கரைந்துவிடுகிறது. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர், சுமார் 10 மணி நேரம். திரும்புகையில் மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னின்று தள்ளுவதால் நேரம் சற்றுக் குறையும்.

ஆனால் வேலூர் வட்டாரத்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் ஷாப்காரர்களுக்குப் பிரயாணம் விமான நிலையத்திலா ஆரம்பமாகிறது? ஆம்பூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர், தேவனஹள்ளி இன்னும் சற்று அதிகம். இரண்டுக்கும் நடுவே வசிப்பவருக்கு இரண்டுமே தூரந்தான். ஷூ கம்பெனி நடத்தும் என் உறவினர் ஒருவர் ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஓர் இரவு நானும் உடன் சென்றேன். மூக்குப் பகுதி அமுங்கிவிடாதபடி ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் காகிதத்தைச் சுருட்டித் திணித்த சாம்பிள் பெட்டியை டிக்கியில் வைக்க மனமின்றி அவர் மடியிலேயே வைத்திருந்தார். கார் முழுவதும் புதுத்தோலின் வாசனை. பின்னிரவு இரண்டு மணி விமானத்துக்கு, மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கவேண்டும் என்ற நியமத்தையும் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் உத்தேசித்து, மாலை ஆறரைக்கே ஆம்பூரை விட்டிருந்தோம். சக்கரம் தரையை விட்டு எழுமுன் ஏழரை மணி நேரம்!

போக்குவரத்தில் பின்தங்கிய பிரதேசமன்று இது. தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கத்து வாலாஜா ரோடுக்கே வந்தது. 2022-இல் விடப்பட்ட வந்தே பாரத் சென்னையிலிருந்து காட்பாடியை ஒன்றரை மணி நேரத்துக்குள் தொட்டுவிடுகிறது. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் வெள்ளையர் காலத்து விமானத் திடல் ஒன்றும் உண்டு. உடான் திட்டத்தின் கீழ் சிறு விமானங்களுக்கென்று அதைப் புதுப்பிக்கும் வேலையும் நடந்தது. அங்கிருந்து மீனம்பாக்கம் வான்வழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். சிறு விமானத்துக்கு அரை மணி வேலை. பெங்களூருக்குப் பறப்பதைவிட, வெளிநாட்டு விமானங்களின் நேரத்துக்குப் பொருந்தச் சென்னைக்கு ஒரு விமானம் விடுவதையே முதலில் செய்யவேண்டும் என்பது என் துணிபு. அப்படி ஒன்று இருந்திருந்தால், அன்று என் உறவினர் வீட்டில் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகப் புறப்பட்டிருப்பார்.