குளத்துக்கு மேலே பார்ப்போம்

காணியை இழந்து வந்து நிற்கும் குடும்பத்துக்கு நகரத்துக் காட்டைக் காட்டுவதால் என்ன பயன் என்று சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். பசிக்கு விடை தராத உல்லாசப் பயணம் எமக்கும் வேண்டியதில்லை. ஆயினும் கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே காட்டுக்குள் எமது விவசாயிகள் ஒரு தடவையாவது நடந்து வரவேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். சரிவு நிலத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு அங்குள்ள ஒரு சிறு குளம் நிறையச் சொல்லித் தரும்.

அரசனின் தடைக்காடு

'உட வாசல வத்த' என்றால் அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம். அதிலிருந்தே இக்காட்டின் பெயர் வந்தது. கண்டி அரசர் காலத்தில் பொதுமக்கள் இதற்குள் கால் வைக்க முடியாது. ஆகவே 'தஹன்சி கெலே', அதாவது தடைசெய்யப்பட்ட காடு என்ற பெயரும் இதற்கு இருந்தது. உள்ளே இருக்கும் குளம் அரச குடும்பத்தினர் நீராடிய இடம். அதன் அடியில் பொற்காசுகள் கிடக்கின்றன, செங்கண் நாகம் ஒன்று அவற்றைக் காக்கிறது என்பது ஊர்க்கதை.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். காடு 1856இல் ஒதுக்கக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று சுமார் 104 ஹெக்டேயர், அதாவது 257 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கி எவரும் போகலாம். நடைபாதைகள் லேடி ஹோர்ட்டன், லேடி டொரிங்டன், லேடி கோர்டன் என்று தேசாதிபதிகளின் மனைவியர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பாதையை வெட்டிய கைகளின் பெயரை எவரும் வைக்கவில்லை.

காட்டுக்குக் கீழே, நகரின் அழகு என்று எல்லோரும் புகழும் கண்டி வாவி இருக்கிறது. 1807ஆம் ஆண்டளவில் அதைக் கட்டத் தொடங்கும்வரை அந்த இடம் நெல்வயல். அரசனின் ஆணைப்படி, இராஜகாரியம் என்ற கட்டாய வேலையில் மக்கள் அதைக் கட்டினார்கள். கண்டிக்குக் கிழக்கே 1980களின் நடுவில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது, பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழுந்து போயின. எமது மக்களின் இடப்பெயர்வு இந்த மண்ணுக்குப் புதிய கதை அல்ல.

இலைக்கு அடியில்

பாதையில் நடக்கும்போது முதலில் கண்ணில் படுபவை குரங்குகளும், கயிறு முறுக்கியதுபோல் மரத்துக்கு மரம் தாவும் பாரிய 'புஸ்வெல்' கொடிகளும்தான். மழை பெய்திருந்தால் அட்டைகள் காலைப் பிடிக்கும்; சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போவது நல்லது. ஆனால் விவசாயியின் கண் வேறு இடத்துக்குப் போகும். எம்மோடு வந்த வன்னி விவசாயி ஒருவர் காலால் சருகை விலக்கி, கறுத்த ஈரமண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார். "சுவாமி, எங்கட ஊரிலயும் குளத்துக்கு மேல இப்படித்தான் காடு நிக்கும். அதை வெட்டினா அடுத்த மாரிக்குக் குளம் மண்ணாலதான் நிரம்பும்" என்றார்.

அவர் சொன்னதுதான் விடயம். கண்டியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. காட்டில் அந்த மழையின் வேகத்தை முதலில் உயர்ந்த மரங்கள் குறைக்கின்றன. பிறகு நடுத்தர மரங்கள், பிறகு செடிகள், கடைசியாகச் சருகு. மெதுவாக விழும் நீர் வேர்கள் விட்ட துளைகளாலும் மண்புழுக்கள் போட்ட வழிகளாலும் உள்ளே இறங்குகிறது. பின்னர் பள்ளத்தில் கசிந்து வெளிவருகிறது. அணைக்கட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மேற்சரிவு மொட்டையானால் குளம் தூர்ந்துபோகும்.

வெறும் சரிவில் நடப்பது நேர்மாறானது. மழைத்துளி நேரே மண்ணை அடிக்கிறது. தெறித்த மண் துளைகளை அடைக்கிறது. நீர் உள்ளே போக வழியின்றி மேல்மண்ணையும் பசளையையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. அவை மகாவலியில் சேர்ந்து, 1976இல் கட்டி முடித்த பொல்கொல்லை அணைக்கட்டில் வண்டலாகப் படிகின்றன. நாம் இட்ட பசளை எமது மரக்கறிக்கு உதவாமல் அங்கே போய்ச் சேருகிறது.

காட்டிலும் குறை உண்டு. மனிதர் கொண்டுவந்து வைத்த மஹோகனியும், பெரு பால்சம் மரமும் பல இடங்களில் பரவிவிட்டன. வீட்டு முற்றத்தில் அழகுக்கு வளர்க்கும் மணிபிளான்ட் கொடி நிலத்தைப் போர்வைபோல மூடிக் கிடக்கிறது. அதன் அடியில் இந்நாட்டு மரக்கன்றுகள் எழும்ப முடிவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கன்று எல்லாவற்றையும் நடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

தோட்டம் காடான கதை

நகரின் தெற்கே, ஹந்தானை மலையடிவாரத்தில் துனுமடலாவ என்ற இன்னொரு காடு இருக்கிறது. அது ஒரு காலத்தில் பயிர்த்தோட்ட நிலம். கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் இலங்கையில் தோன்றியது. அதன்பின் மலைநாட்டின் பல தோட்டங்கள் கைமாறின, சில கைவிடப்பட்டன. துனுமடலாவ கண்டி மாநகர சபையின் நீரேந்து பிரதேசமாகி, மீண்டும் மரம் மூடி, அங்குள்ள இரண்டு சிறு நீர்த்தேக்கங்களால் நகருக்குக் குடிநீர் கொடுத்தது. மனிதன் மொட்டையாக்கிய மலையும், விட்டுவைத்தால் மறுபடி நீர் தரும். இது எமக்கு நம்பிக்கை தரும் செய்தி.

உறுதி இல்லாத காணியில் யார் பலா நடுவார்?

இங்கேதான் கசப்பான உண்மையைப் பேசவேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வேறு எவரும் விரும்பாத காணி: செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, வெட்டிய மலையின் அடி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டமும் மண்சரிவுகளால் பல உயிர்களை இழந்தது.

சரிவில் மரம் நடுங்கள் என்று எமது மக்களுக்குப் போதிப்பது எளிது. ஆனால் பலா காய்க்கப் பல வருடங்கள் செல்லும். அடுத்த வருடம் எழும்பிப் போகச் சொல்வார்களோ என்ற பயத்தில் இருப்பவர் பலா நடமாட்டார். மூன்று மாதத்தில் காசு தரும் மரக்கறியையே நடுவார். ஒவ்வொரு போகமும் மண்ணைக் கிளறுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காணி உறுதி கொடுப்பதும் மண் பாதுகாப்பு வேலைதான். அரசனின் காடு தடையால் காக்கப்பட்டது. குடியானவரின் சரிவு உரிமையால்தான் காக்கப்படும்.

ஆகவே கையில் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் அதைப் பத்திரமாக வைத்து, அளிப்புப் பத்திரம் பெறும் வழியைப் பிரதேச செயலகத்தில் கூட்டாகச் சென்று கேளுங்கள். காணி ஒதுக்கும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டுமாறு கோருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று தோன்றும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் விலகிச் சென்று, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

காணி நிச்சயமானதும், சரிவின் உச்சியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். உச்சியிலும் ஓடைக்கரையிலும் கை வைக்காதீர்கள். குறுக்காகச் சமமட்டக் கோட்டில் கிளிரிசிடியா வேலிகள் போட்டு, கத்தரித்த தழையை மண்ணுக்கே கொடுங்கள். வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு, மிளகு, கோப்பி, கராம்பு என்று அடுக்கடுக்காக வையுங்கள். கண்டிப் பிரதேசக் கிராமத்தவர் தலைமுறைகளாகச் செய்துவரும் வீட்டுத்தோட்டம் இதுவே. காட்டின் அடுக்கு முறையை அவர்கள் உணவு தரும் மரங்களால் அமைத்திருக்கிறார்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது கிணற்றுக்கு அல்லது ஊற்றுக்கு மேலே இருக்கும் சரிவு யாருடையது? அதில் இன்று என்ன நிற்கிறது?

2. எமது குடும்பங்களில் எத்தனை பேரிடம் காணிக்கான எழுத்து ஆவணம் உண்டு? இல்லாதவர்களுக்காக யார் போய்ப் பேசுவது?

3. இந்த மாரிக்கு முன் நாம் எல்லோரும் சேர்ந்து மூடக்கூடிய வெறும் நிலம் எது?