ஒலியை ஒலியே அடக்கும் எக்சோஸ் குழாய்

அதிகாலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலானவை அடங்கிய ஓசையோடு செல்லும். இடையில் ஒன்று மட்டும் காதைப் பிளந்துகொண்டு பறக்கும். இயந்திரம் ஒரே அளவாக இருந்தாலும் எக்சோஸ் குழாய்க்குள் உள்ள ஒலியடக்கி மாறினால் ஓசையும் மாறிவிடும்.

ஓசை பிறக்கும் இடம்

ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிந்த வாயுவை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 6,000 சுழற்சி என்றால், விநாடிக்கு 50 முறை. வால்வு திறந்ததும் உயர் அழுத்த வாயு சட்டென்று பாய்கிறது. அந்த அழுத்த அலையே நாம் கேட்கும் வெடிப்பொலி.

குழாயை அடைத்தால் ஓசை நிற்கும், இயந்திரமும் நின்றுவிடும். வாயு போக வேண்டும், ஒலி மட்டும் தங்க வேண்டும். இதுதான் சவால்.

அறை செய்யும் வேலை

குறுகிய குழாயில் வரும் ஒலி அலை, திடீரென அகலமான அறைக்குள் நுழையும்போது அதன் ஒரு பகுதி வந்த வழியே எதிரொலிக்கிறது. அறையின் மறுமுனையிலும் அப்படியே. திரும்பி வரும் அலையின் மேடு, புதிதாக வரும் அலையின் பள்ளத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

அறையின் நீளம் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால் ஒலி மிக அதிகமாகக் குறையும். அறையின் விட்டம் குழாயைப்போல் 3 மடங்கு என்றால், கணக்குப்படி சுமார் 13 டெசிபெல் குறையும். அதாவது ஒலியாற்றலில் 20இல் ஒரு பங்குதான் வெளியே வரும். ஆனால் நீளம் அலைநீளத்தில் பாதியானால், அந்த ஒலியை அறை தடுக்கவே தடுக்காது! அதனால்தான் பல ஒலியடக்கிகளில் வெவ்வேறு நீளமுள்ள அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. சிலவற்றில் கண்ணாடி இழையும் அடைத்திருப்பார்கள். அது ஒலியாற்றலை வெப்பமாக மாற்றுகிறது.

துப்பாக்கிக்கான ஒலியடக்கியும் இதன் உறவுதான். 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஹைரம் பெர்சி மாக்சிமின் நிறுவனம், பின்னர் இயந்திரங்களுக்கும் ஒலியடக்கி செய்தது. மலேசியாவில் காற்றுத் துப்பாக்கியும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திற்குள் வருவதால், அது விளையாட்டாகச் செய்துபார்க்கும் பொருள் அல்ல.

வீட்டில் சோதிக்கலாம்

சுமார் 17 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் முறுக்குப் போத்தல் ஒன்றை எடுங்கள். பெரியவர் உதவியோடு அடியிலும் மூடியிலும் துளையிட்டு, இருபுறமும் 3 செ.மீ. விட்டமுள்ள குழாயைச் செருகி ஒட்டுங்கள். குழாய்முனை போத்தலுக்குள் நீளக் கூடாது. போத்தலைத் துண்டால் சுற்றுங்கள். ஒரு முனையில் கைப்பேசியின் ஒலிபெருக்கியை வைத்து, 500 ஹெர்ட்ஸ் ஒலியையும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியையும் மாறி மாறி எழுப்புங்கள். மறுமுனையில் இன்னொரு கைப்பேசியால் ஒலியை அளந்து குறியுங்கள். பிறகு போத்தலை எடுத்துவிட்டு, அதே மொத்த நீளமுள்ள நேர்க்குழாயில் மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். எனவே 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 68 செ.மீ.; அதில் கால் பங்கு 17 செ.மீ. ஆகவே 500 ஹெர்ட்ஸில் போத்தல் அதிகம் தடுக்க வேண்டும். 1,000இல் குறைவாகவே தடுக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் ஒலி கசிந்தால் வேறுபாடு குறையும்.

காது திரும்ப வராது

85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கக் கூடாது என்பது பரவலான பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மலேசியாவில் வாகன இரைச்சலுக்கு 1987 முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. ஒலியடக்கியைக் கழற்றி ஓட்டுபவரின் காது அந்த இரைச்சலுக்கு மிக அருகில் இருக்கிறது. பயணம் முழுவதும் அதைக் கேட்பவரும் அவரே.